‘பூர்லி டிஃபரன்ஷியேட்டட்’ என்றால் முற்றிய புற்றுநோயா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்ததில், ‘பூர்லி டிஃபரன்ஷியேட்டட்’ வகைப் புற்றுநோய் என்றும், ‘இம்யூனோ’ பரிசோதனை தேவை என்றும் எழுதியிருக்கிறார்கள். நோய் முற்றிவிட்டதா? அல்லது என்ன நோய் என்றே தெரியவில்லையா?

பதில்: நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது ‘ஸ்டேஜ்’, அதை ஸ்கேன் போன்ற பரிசோதனைகள்தான் சொல்லும். உங்கள் அறிக்கையில் உள்ள சொல் செல்லின் தோற்றத்தைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கலங்கிப்போய் வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இயல்பான செல் வளர்ந்து முதிரும்போது தனக்குரிய வேலைக்கேற்ற வடிவத்தைப் பெறுகிறது: தோலின் செல் கெரட்டின் என்னும் உறுதியான புரதத்தை உருவாக்குகிறது, சுரப்பியின் செல்கள் குழாயைச் சுற்றி வரிசையாக நின்று சுரக்கின்றன. புற்றுநோயில், மரபணு மாற்றங்களால் பிரிந்து பெருகும் கட்டளை ஓயாமல் ஒலிக்க, முதிர்வதற்கான மரபணுக்கள் அடங்கிப்போவதால், செல் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகிறது. இப்படிச் சரியாக முதிராத செல்கள் மிகுந்த கட்டியைத்தான் ‘பூர்லி டிஃபரன்ஷியேட்டட்’ என்கிறோம்.

நோயியல் மருத்துவர் சதையை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, ஏறத்தாழ 4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு) தடிமனில் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார். தோல், வாய், தொண்டை போன்றவற்றின் மேற்பரப்புச் செல்களில் தோன்றும் செதிள் செல் புற்றுநோய் நன்கு முதிர்ந்த வகையாக இருந்தால், வட்டத்துக்குள் வட்டமாகச் சுருண்ட இளஞ்சிவப்புக் கெரட்டின் முத்துகள் தெரியும். அவற்றைக் கண்டதுமே வகையைச் சொல்லிவிடலாம். உங்கள் தந்தையின் கட்டியைப் போன்றவற்றில் அத்தகைய அடையாளங்கள் அரிது. உட்கரு பெருத்துக் கருநீலமாகச் செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. இரண்டாகப் பிரிய வேண்டிய செல் மூன்றாகப் பிரிய முயல்வதையும் சில நேரம் காணலாம்.

புற்றுநோய் என்பதில் ஐயமில்லாவிட்டாலும், எந்தச் செல்லிலிருந்து தோன்றியது என்பதைத் தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். அதற்குத்தான், செல்லில் உள்ள புரதங்களை அடையாளம் காணும் இம்யூனோ பரிசோதனை. உருவம் மாறினாலும் பிறந்த குலத்தின் புரதங்கள் சில செல்லில் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். சைட்டோகெரட்டின் என்ற புரதம் இருந்தால் கார்சினோமா (உறுப்புகளின் மேல்தோல், சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்றுநோய்) பக்கமும், சிடி 45 என்ற புரதம் இருந்தால் லிம்ஃபோமா (நிணநீர்ச் செல்களின் புற்றுநோய்) பக்கமும், எஸ் 100 என்ற புரதம் இருந்தால் மெலனோமா (நிறமிச் செல்களின் புற்றுநோய்) பக்கமும் சந்தேகம் திரும்பும். ஒரே புரதத்தை நம்பி முடிவு செய்வதில்லை. பலவற்றைச் சேர்த்தே பார்ப்பார்கள். இவற்றுக்கான சிகிச்சைகள் வெவ்வேறு என்பதால், இந்தச் சில நாள் காத்திருப்பு வீணல்ல.

கார்சினோமா என்று உறுதியானால், கட்டி கழுத்தின் நிணநீர்க் கணுவில் இருந்தால் அது பெரும்பாலும் வேறிடத்திலிருந்து பரவி வந்ததாக இருக்கும் என்பதால், மூக்கின் பின்புறம், டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய்க் கருவியால் பார்க்க வேண்டும். மூக்கின் பின்புறத்தில் தோன்றும் முதிராத வகை, கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடியது. மீண்டும் சதை எடுக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். மெழுகில் பதித்த அதே துண்டு பெரும்பாலும் போதும். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதானால் அதையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.