பொத்தானை ஏன் யாரும் அழுத்துவதில்லை?

கேள்வி: இணையவழியில் தையல் வகுப்பு நடத்துகிறேன். முதல் பாடம் இலவசம். பக்கத்துக்கு மாதம் 400 பேர் வருகிறார்கள். படிவத்தை நிரப்புகிறவர்கள் எட்டுப் பேர்தான். பக்கத்தின் அடியில் ‘இப்போதே சமர்ப்பிக்கவும்’ என்று ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. அதைச் சிவப்பாக்கி, நேரம் குறைந்துகொண்டே போகும் கடிகாரம் வைத்து, பழையதையும் புதியதையும் ஒப்பிடும் ஏ/பி டெஸ்ட் நடத்தினால் பதிவுகள் இரட்டிப்பாகும் என்று விளம்பர ஏஜென்சி ஒன்று சொல்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

முதலில் நிற விவகாரத்தை முடித்துவிடுகிறேன். பொத்தான் பக்கத்தின் மற்ற பகுதிகளிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், அதன் மேலுள்ள எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். அவ்வளவுதான். இணையப் பக்கங்களுக்கான சர்வதேச அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கிறது. இளம்பச்சையின் மேல் வெள்ளை எழுத்து என்றால் பெரும்பாலும் தேறாது. இலவசக் கருவிகளிலேயே இதைச் சோதித்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. சிவப்புக்கென்று தனி வசியம் ஏதும் கிடையாது.

உங்கள் சிக்கல் அந்தச் சொல்லில் இருக்கிறது. ‘சமர்ப்பிக்கவும்’ என்பது விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தின் மொழி. தையல் கற்க வந்தவர் எதைச் சமர்ப்பிக்க வேண்டும்? படிவம் செய்யும் மென்பொருளில் முன்கூட்டியே பொதிந்து வரும் ‘சப்மிட்’ என்ற ஆங்கிலச் சொல்லை யாரோ மொழிபெயர்க்க, அதை அப்படியே எல்லோரும் விட்டுவைத்திருக்கிறோம். விளம்பரத் தளங்கள் பல இன்னும் மோசம்: பொத்தானுக்கான வாசகத்தை நீங்கள் எழுதவே முடியாது, அவர்கள் தரும் பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் சொந்தப் பக்கத்திலாவது அந்த அடிமைத்தனம் வேண்டாம். அழுத்தினால் என்ன கிடைக்குமோ அதையே எழுதுங்கள்: ‘முதல் பாடத்தைப் பாருங்கள்’.

இன்னொரு பழக்கமும் ஆங்கிலத்திலிருந்து தொற்றியது. பொத்தானில் ‘என்’ என்று போட்டால் நெருக்கமாக இருக்கும் என்று யாரோ சொல்லிவைக்க, ‘என் இலவசப் பாடத்தைத் தொடங்கு’ என்று எழுதுகிறார்கள். தமிழில் இதைப் படித்தால், ஒருவர் தனக்குத்தானே ஆணையிட்டுக்கொள்வது போல இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ‘உங்கள் இலவச அறிமுகத் தையல் பாடத்தை இப்போதே’ என்பதோடு கைப்பேசித் திரை முடிந்துவிட்டால், என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பதே தெரியாமல் போகும். மூன்று சொற்களுக்கு மேல் வேண்டாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் தவறினால் விற்பனையோடு நம்பிக்கையும் போய்விடும். கிடைக்கப்போவதைச் சொல்லுங்கள் என்று மேலே சொன்னது, பணம் கட்டும் கடைசிப் பொத்தானுக்குப் பொருந்தாது. நாளை நீங்கள் கட்டண வகுப்பு தொடங்கி, அட்டை விவரம் கேட்கும் பக்கத்திலும் ‘கற்கத் தொடங்குங்கள்’ என்று எழுதினால், அழுத்துகிறவர் அது இன்னும் இலவசம்தான் என்று நினைக்கக்கூடும். அங்கே ‘பணம் செலுத்துங்கள்’ என்று நேரடியாக எழுதுங்கள், தொகையையும் பொத்தானுக்கு அருகிலேயே காட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2011-இல் கொண்டுவந்து 2014 ஜூனிலிருந்து நடைமுறைப்படுத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, அழுத்தினால் பணம் கட்டும் கடமை வரும் என்பதைப் பொத்தானே ஐயமறச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த ஒப்பந்தம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது. இலவச மாதம் முடிந்ததும் தானாகவே பணம் பிடிக்கப்படும் சந்தா என்றால், எந்தத் தேதியில் எவ்வளவு என்பதையும் பொத்தானுக்கு மேலேயே எழுதிவிடுங்கள். கூச்சப்பட்டுப் பொடி எழுத்தில் மறைப்பவர்களிடம்தான் பிற்பாடு பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டைக்கு வருகிறார்கள். இந்தப் பொத்தானில் கவர்ச்சியே வேண்டாம்.

இனி உங்கள் படிவம். அதில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. பெயர், வயது, முகவரி, தொலைபேசி என்று நீண்டால் பழியைப் பொத்தானின் மேல் போடாதீர்கள். ‘300 மில்லியன் டாலர் பொத்தான்’ என்றொரு கதையை ஏஜென்சிக்காரர்கள் தவறாமல் சொல்வார்கள். ஜேரட் ஸ்பூல் என்ற வடிவமைப்பு ஆலோசகர் 2009-இல் எழுதியது. ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் ‘பதிவு செய்’ என்ற பொத்தானை ‘தொடர்க’ என்று மாற்றினார்கள். வாங்கி முடிப்பவர்கள் 45% கூடினார்கள், முதல் ஆண்டிலேயே 300 மில்லியன் டாலர் கூடுதலாக வந்தது. சொல்லை மாற்றியதால் வந்த பணம் என்று இவர்கள் கதையை முடித்துவிடுவார்கள். உண்மையில் அங்கே எடுக்கப்பட்டது ஒரு தடை. கணக்குத் தொடங்காமலேயே வாங்கலாம் என்று அந்தப் பக்கத்தில் தெளிவாகச் சொன்னார்கள். உங்கள் இலவசப் பாடத்துக்கு மின்னஞ்சல் முகவரி போதுமே? பொத்தானுக்குக் கீழே ‘கட்டணம் இல்லை. தொலைபேசியில் அழைக்க மாட்டோம்’ என்று ஒரு வரி சேருங்கள். சேர்த்துவிட்டு அழைக்கவும் கூடாது.

ஏ/பி டெஸ்ட் என்பது வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பக்கத்தையும் மீதிப் பேருக்குப் புதியதையும் காட்டி ஒப்பிடுவது. நல்ல முறைதான், கூட்டம் இருக்கும் இடத்தில். உங்களுக்கு 400-க்கு 8, அதாவது 2%. அது 3% ஆகியிருக்கிறது என்று ஓரளவு நம்பிச் சொல்ல, வழக்கமான புள்ளியியல் கணக்கின்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 3,900 பேர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 7,800. உங்கள் வேகத்தில் பத்தொன்பது மாதத்துக்கு மேல் ஆகும். ஏஜென்சி இரண்டு வாரத்தில் ‘வெற்றி’ என்று வண்ண வரைபடம் அனுப்பும். இருநூறு பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் நான்கு என்று வந்ததை ‘நூறு சதவீத வளர்ச்சி’ என்று எழுதியிருப்பார்கள். இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, பக்கத்தை இதுவரை பார்க்காத ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கைப்பேசியைக் கொடுத்து, வாய் திறக்காமல் அருகில் இருங்கள். எங்கே விரல் தயங்குகிறது என்று தெரிந்துவிடும்.

கடிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வகுப்பு உண்மையிலேயே ஒரு தேதியில் தொடங்குகிறதென்றால் அந்தத் தேதியை எழுதுங்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடியும் பதினைந்து நிமிடத்திலிருந்து ஓடும் கடிகாரம் பொய். பக்கத்துக்கு வருபவரை ஏமாற்றும் இத்தகைய தந்திரங்களுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-இல் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரே வைத்துவிட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விளம்பரக் கணக்கும், வருகையைப் பதிவு செய்யும் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன? பல ஏஜென்சிகள் இவற்றைத் தங்கள் பெயரில் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் விலகும் அன்று ‘அது எங்கள் கணக்கு’ என்று கையை விரிப்பார்கள். இத்தனை மாதம் யார் வந்தார்கள், எதை அழுத்தினார்கள் என்ற விவரம் அத்தனையும் அவர்களோடு போய்விடும். உரிமையாளர் என்ற நிலையிலேயே நுழைவு அனுமதி கேளுங்கள், வெறும் பார்வையாளராகச் சேர்த்துவிட்டு ஏமாற்றுவார்கள். அறிக்கையில் கிளிக் எண்ணிக்கை வேண்டாம், பாடத்தைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் ஒரு வாரத்தில் வராவிட்டால் வேறு ஆளைத் தேடுங்கள். பொத்தானின் சொல்லை மாற்ற அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றைக்கே நீங்களே மாற்றிவிடலாம்.