மகனின் உதைபந்தாட்டக் கனவு: சூரிச் கன்டோனில் இருந்து எழுதிய ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகனுக்கு 14 வயது. இரண்டாம் செக், அதாவது இடைநிலைப் பாடசாலையின் இரண்டாம் வருடம் படிக்கிறார். கழகத்தின் 15 வயதுக்குட்பட்டோர் அணிக்கு அவரைக் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வழி விடும் கிம்னாசியப் பாடசாலைக்கான சோதனையை எழுதக்கூடிய புள்ளிகளும் இருக்கின்றன. "பந்தடிச்சு என்ன சாப்பிடப் போறாய்?" என்று அப்பா கேட்கிறார், மகன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அந்த அறைச் சுவரில் உதைபந்தாட்ட வீரர் கிரானிட் ஜாக்காவின் படம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் படத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

ஜாக்காவை உங்கள் மகன் தெரிந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை. அவருடைய அப்பா கொசோவோவில் மாணவராக இருந்தபோது அரசுக்கு எதிரான ஊர்வலத்தில் போனதற்காக மூன்று வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்தவர். 1990இல் குடும்பம் சுவிசுக்கு வந்தது. 1992இல் பாசலில் கிரானிட் பிறந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டிய வீட்டில் இருந்து ஒருவர் சுவிஸ் தேசிய அணியின் தலைவராகி, அந்த நாட்டுக்காக மற்ற எல்லோரையும் விட அதிக ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். அது 14 வயதுப் பையனின் நெஞ்சைத் தொடத்தான் செய்யும். அதை விளையாட்டுப் பைத்தியம் என்று சொல்லிவிட வேண்டாம்.

ஆனால் அவர் ஏறிய வேகத்தையும் பாருங்கள். 2009இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தைச் சுவிஸ் வென்றது, ஜாக்கா அந்த அணியில் இருந்தார். 17 வயதில் பாசலின் முதல் அணி. 19 வயதில் ஜேர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக். 2016இல் லண்டன் அர்செனல். இந்த வேகத்தைப் பார்த்துத்தான் பெற்றோர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். 17 வயதில் முதல் அணிக்கு வராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அந்த 2009 அணியையே எடுத்துக்கொள்வோம். தங்கள் வயதில் உலகத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளைகள் அவர்கள். அதில் ஜாக்கா, ரிக்கார்டோ ரொட்ரிகஸ், ஹாரிஸ் செஃபெரோவிச் மூவரும்தான் பின்னர் தேசிய அணியில் வருடக்கணக்காக நிலைத்து நின்றார்கள். உலகக் கிண்ணம் வென்ற அணியிலேயே நிலைமை இதுதான் என்றால், ஒரு கழகத்தின் 15 வயது அணியில் இடம் கிடைத்ததை நாங்கள் எவ்வளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்? அது ஒரு நல்ல செய்தி, சந்தோசப்படுங்கள். ஆனால் அதை வேலை கிடைத்ததாக எண்ண வேண்டாம்.

சரி, இப்போது இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மகனின் சுவரில் இவருடைய படமும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ரெமோ ஃப்ரொய்லர். அவரும் 1992இல் பிறந்தவர், அவரும் நடுக்கள வீரர். உங்கள் கன்டோனில் ஹின்வில்லில் பந்தடிக்கத் தொடங்கியவர். சூரிச்சின் கிராஸ்ஹொப்பர்ஸ் கழகத்துக்குப் போனார், அங்கே நிலைக்க முடியவில்லை. ஜாக்கா ஜேர்மனிக்குப் போன அதே 2012இல் ஃப்ரொய்லர் இரண்டாம் பிரிவில் இருந்த வின்டர்தூர் கழகத்துக்குப் போனார். 19, 20 வயதில் ஒரு படி கீழே இறங்குவது என்றால் வீட்டில் என்ன கதைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் 2014இல் லூட்சேர்ன், 2016 தொடக்கத்தில் இத்தாலியின் அட்டலாண்டா. தேசிய அணிக்கு முதன்முதலாக 2017இல் ஆடினார், 24 வயதில். 2024 ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் பேர்லினில் இத்தாலியைச் சுவிஸ் 2-0 என்று வென்றபோது முதல் கோல் அவருடையது. பக்கத்தில் நின்று ஆடிய அணித்தலைவர் ஜாக்கா.

ஒரே வயது, களத்தில் ஒரே இடம், ஒரே அணி. வந்த பாதைகள்தான் வேறு.

இதனால் "பொறுத்திருந்தால் எல்லாம் வரும்" என்று நான் சொல்லவில்லை. வராமலும் போகும். நான் சொல்வது, உங்கள் மகனின் விடை 16 வயதில் தெரியாது, 22 வயதிலும் தெரியாமல் இருக்கலாம் என்பது. அந்த வருடங்களை அவர் எதைப் பிடித்துக்கொண்டு கடப்பார்? என்னிடம் வருகிற பெற்றோரிடம் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

சுவிசில் இதற்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. கழகங்கள் பிள்ளைகளைக் கழிக்கத் தொடங்குகிற வயதும், பிள்ளை கிம்னாசியமா, நாங்கள் லேர என்று சொல்லும் தொழிற்பயிற்சியா என்று முடிவெடுக்க வேண்டிய வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 15 வயதுப் பிள்ளை கழகத்தின் பதிலுக்குக் காத்திருக்கும். அதற்குள் நல்ல லேர இடங்கள் போய்விடும். பதில் 'இல்லை' என்று வந்தால் ஒரே மாதத்தில் இரண்டு கதவும் மூடியது போல இருக்கும். இந்த நிலையில் அழுதுகொண்டு என் முன்னால் இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பந்து போனதற்காக அழுதவர்களை விட, அடுத்து என்ன என்று தெரியாமல் அழுதவர்கள்தான் அதிகம்.

ஆகவே இரண்டையும் ஒன்றாகத் திட்டமிடுங்கள். மகனுக்குப் படிப்பில் விருப்பம் இருந்தால் கிம்னாசியச் சோதனையை எழுதட்டும். சூரிச்சில் ரேமிபூலில் உள்ள கலை, விளையாட்டுக் கிம்னாசியத்தில் நான்கு வருடப் படிப்பை ஐந்து வருடமாக நீட்டியிருக்கிறார்கள், பயிற்சிக்கு நேரம் கிடைக்கும். விருப்பம் இல்லையென்றால் வணிகத்துறை லேர இருக்கிறது. சாதாரணமாக மூன்று வருடம், விளையாட்டுப் பிள்ளைகளுக்கு நான்கு வருடமாக எடுக்கலாம். இப்படிப்பட்ட பிள்ளைகளை எடுக்கும் நிறுவனங்களுக்குச் சுவிஸ் ஒலிம்பிக் அமைப்பு தனி அங்கீகாரம் கொடுக்கிறது. திறமையுள்ள இளம் வீரர்களுக்கு அதே அமைப்பு கொடுக்கும் டேலண்ட் கார்ட் என்ற அட்டை மகனுக்குக் கிடைக்குமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள், பாடசாலையோடும் நிறுவனத்தோடும் கதைக்கும்போது உதவும்.

லேர என்றால் படிப்பு குறைந்த பிள்ளைக்கு என்ற எண்ணம் எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. எனக்கு அது உண்மையிலேயே கவலை தருகிறது. தேசிய அணியின் முன்னாள் பின்கள வீரர் ஃபாபியன் ஷேர், வில் கழகத்தில் ஆடிய காலத்தில் வங்கியில் லேர செய்தவர். பிறகுதான் பாசல், அதன்பின் இங்கிலாந்தின் நியூகாசில். லேரயோடு தொழில்சார் மத்தூரா என்ற உயர்கல்வித் தகுதிச் சான்றிதழையும் எடுத்தால் உயர்தொழில் கல்லூரிக்குப் போகலாம், அதற்கு மேல் பசரெல் என்ற கூடுதல் சோதனையையும் எழுதினால் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். இதை மகனின் அப்பாவுக்கு வடிவாக விளங்கப்படுத்துங்கள். அவருடைய பயம் பந்தைப் பற்றியது அல்ல, மகன் வெறுங்கையோடு நிற்பானோ என்பதுதான் என்று நினைக்கிறேன்.

கழகத்தோடு கதைக்கும்போது கூச்சப்பட வேண்டாம். போன மூன்று வருடங்களில் 15 வயது அணியில் இருந்தவர்களில் எத்தனை பேர் 17 வயது அணிக்குப் போனார்கள்? விலக்கப்பட்டவர்களுக்கு யார் வழி காட்டினார்கள்? பாடசாலையோடு தொடர்பு வைத்திருப்பவர் யார்? முழங்கால் காயம் வந்து ஆறு மாதம் ஆட முடியாவிட்டால் இடம் இருக்குமா? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிற கழகத்தை நம்பலாம். ஏஜென்ட் என்று யாராவது வந்தால், இந்த வயதில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், ஒரு பிராங்கும் கொடுக்க வேண்டாம்.

மகனின் மனதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2019 ஒக்டோபரில் அர்செனல் அணித்தலைவராக இருந்த ஜாக்காவைச் சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கூச்சலிட்டு அனுப்பினார்கள். அதற்கு முன்பே அவருடைய மனைவியையும் கைக்குழந்தையையும் பற்றி இணையத்தில் மிக மோசமாக எழுதியிருந்தார்கள். அவர் கோபப்பட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார், தலைவர் பதவி போனது. ஆனாலும் அதே கழகத்தில் இன்னும் மூன்றரை வருடங்கள் ஆடினார். பிறகு லெவர்குசனுக்குப் போய் 2023-24 பருவத்தில் ஒரு தோல்வியும் இல்லாமல் ஜேர்மன் லீக்கை வென்ற அணியில் இருந்தார். இந்தத் தொழிலில் இதுவும் ஒரு பகுதி. ஒரு நாள் சாப்பிடும்போது மகனிடம் இதைக் கதையுங்கள், புத்திமதியாக இல்லாமல். அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அவருக்கு இந்த ஆட்டத்தில் என்ன பிடித்திருக்கிறது என்பது அப்போது தெரியும். சில பிள்ளைகளுக்கு ஆட்டம் பிடிக்கும், சிலருக்குக் கைதட்டல் பிடிக்கும். கைதட்டல் மட்டும் பிடித்த பிள்ளைக்கு இந்தப் பாதை மிகவும் கொடுமையானது.

அடுத்ததாக, பிட்ஸ் என்ற தொழில் தகவல் நிலையத்துக்கு மகனோடு போங்கள். முடிந்தால் அப்பாவும் வரட்டும். இரண்டு மூன்று இடங்களில் ஸ்நுப்பர் நாட்களுக்கு, அதாவது ஒரு வேலையை நேரில் போய்ப் பார்த்துப் பழகும் நாட்களுக்கு, இப்போதே எழுதச் சொல்லுங்கள், கழகத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, சனிக்கிழமைகளில் ஆட்டம் இருப்பதால் தமிழ்ப் பாடசாலையை நிறுத்தவா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம் அக்கா. புதன் பிற்பகல் வகுப்பு இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆட்டம் இல்லாத சனிக்கிழமைகளில் மட்டும் வர அனுமதி கேளுங்கள். ஆசிரியரோடு கதைக்கும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேட்க வேண்டியதை அவரே கேட்கட்டும்.