வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலையில் ஓவியம் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். 40 வயதைத் தாண்டிவிட்டது, பள்ளியில் வரைந்ததோடு சரி, இனிமேல் கை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரைவதில் பாதி கண்ணின் வேலை, அதற்கு வயது ஒரு தடையே இல்லை. நேரம்தான் பிரச்சினை. விடுமுறை நாளில் மொத்தமாக உட்கார்வதைவிட தினமும் அரை மணி நேரம் வரைவது நல்லது.

சேரும் முன் முக்கியமாக ஒன்றை விசாரியுங்கள்: நீங்கள் அனுப்பும் படத்தை யார் பார்க்கிறார், என்ன எழுதித் திருப்பி அனுப்புகிறார்? வெறும் வீடியோவும் மதிப்பெண்ணும் என்றால் காசு தண்டம். நேரடி வகுப்பில் ஆசிரியர் பின்னால் நின்று 'அந்தத் தோள் இறங்கியிருக்கிறது பாருங்கள்' என்பார், இங்கே அந்த வேலையை எழுத்தில் வரும் விமர்சனம்தான் செய்ய வேண்டும். மாதிரிக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தரத் தயங்கினால் வேறு இடம் பார்க்கலாம்.

அப்புறம், வரைந்ததை ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்காதீர்கள், பென்சிலின் கரியான கிராஃபைட் பளபளத்து அடர்ந்த நிழலெல்லாம் வெளிறிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபோனைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள்; சாய்த்தால் நீங்கள் சரியாக வரைந்த விகிதமும் கோணலாகத் தெரியும், பாவம் ஆசிரியர் இல்லாத தப்பைத் திருத்திக்கொண்டிருப்பார். எச்பி, 2பி, 6பி (இந்த வரிசையில் மென்மையும் கருமையும் கூடும்) பென்சில்களும் சாதாரணத் தாளும் ஆரம்பத்துக்குப் போதும்.