தரை அழுக்காகாத கிட்டை வைத்துப் பிள்ளைகளுக்கு ஓவியர்களைச் சொல்லித்தர முடியுமா?

வாடகை வீட்டில், சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் பிள்ளைகளுக்கு, பெயிண்ட் சிந்தாத கிட்களை வைத்தே பெரிய ஓவியர்களை அறிமுகப்படுத்தலாமா, இல்லை அது ஒப்புக்குச் செய்வதாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு.

'கை அழுக்காகாமல் கலை வருமா' என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. குடிதண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்கித் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற தெருக்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. போஸ்டர் கலரைத் திறந்தால் பிரஷ் கழுவ, கிண்ணம் கழுவ, தரை துடைக்க, சட்டை அலச என்று எவ்வளவு தண்ணீர் போகும் என்பது அதைச் சுமக்கிறவர்களுக்குத்தான் தெரியும். என் பிள்ளைகள் நாள் முழுக்கக் கடற்கரை மணலில் கிடக்கிறவர்கள், அழுக்குக்குப் பயந்து அவர்களை வளர்க்கவில்லை. தண்ணீருக்குப் பயந்துதான் கிட் வாங்கினேன்.

ஆனால் எல்லாக் கிட்டும் ஒன்றில்லை. எண் பார்த்து நிறம் அடிப்பது, எண் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது இரண்டையும் நான் வாங்குவதில்லை. 'நட்சத்திர இரவு' ஓவியத்தை முழுக்க ஒட்டி முடித்த பிள்ளைக்கு அதை வரைந்த வான்கோவைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது, 14ம் எண் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்கும். அந்த ஓவியர் தன் கையால் செய்த வேலையில் ஏதாவது ஒன்றைப் பிள்ளையின் கையும் செய்ய வேண்டும். நான் கிட்டைப் பார்ப்பது அதற்குத்தான்.

எங்கள் வீட்டில் நன்றாக நின்றது ஹொக்குசாய். ஜப்பான்காரர், 1760ல் பிறந்தவர். அவருடைய பேர்பெற்ற பெரிய அலைப் படம் 1831 வாக்கில் வந்தது, அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தூரிகையால் தீட்டிய படம் அல்ல, மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, தாளை வைத்து அழுத்தி எடுத்த அச்சு. அளவு சுமார் 26க்கு 38 சென்டிமீட்டர்தான். ஸ்கேலை வைத்துத் தரையில் அந்த அளவுக்குக் கட்டம் போட்டுக் காட்டியபோது, இவ்வளவு பெயர் வாங்கிய படம் இத்தனை சிறியதா என்று மகன் நம்பவே இல்லை.

கிட்டில் இருந்தது ஃபோம் அட்டை, முனை மழுங்கிய மரக்குச்சி, தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாக்கள். அட்டையில் குச்சியால் அழுத்திக் கோடு கீற வேண்டும், மேலே பேனாவால் நிறம் தீட்ட வேண்டும், ஈரத்துணியால் லேசாக நனைத்த தாளை வைத்துக் கையால் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான், படம் தாளில் வந்துவிடும். அலை வலமிடம் மாறி விழுந்ததைப் பார்த்து, 'அப்ப அவர் படத்தையும் பலகையில திருப்பித்தான் செதுக்கினாங்களா?' என்று அவனே கேட்டான். இதற்கு மேல் என்ன பாடம் வேண்டும்? மொத்தத்துக்கும் செலவானது அரை டம்ளர் தண்ணீர்.

அப்புறம் மாமனார் வந்தார். முன்பு வத்தை என்கிற மீன்பிடிப் படகில் கடலுக்குப் போனவர். அவர் கண் அலையில் நிற்கவில்லை, அதற்கு அடியில் இருந்த மூன்று படகுகளுக்குப் போனது. ஆட்கள் எல்லாம் குனிந்து ஒட்டிக் கிடக்கிறார்களே என்று பேரன் கேட்க, 'எந்திரிச்சு நின்னா கவுந்துரும்டா, அணியத்தை அலைக்கு நேரா குடுத்துட்டு இப்படித்தான் படுக்கணும்' என்றார். அணியம் என்றால் படகின் முன்பக்கம். அவை மீன் ஏற்றிச் செல்லும் விரைவுப் படகுகள் என்று படித்திருந்தேன், அதைச் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வாடைக்காற்றில் இந்தப் பக்கக் கடல் எப்படிக் கொந்தளிக்கும், தென்கடல் எப்போது அமரும் என்று சாயங்காலம் வரை பேசினார். எந்தக் கிட்டிலும் இது வராது. ஆனால் கிட் இல்லாவிட்டால் அந்தப் படம் எங்கள் வீட்டுக்குள் வந்தே இருக்காது.

நம்ம ஊர் ஓவியத்தை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள், 18ம் நூற்றாண்டின் தொடக்கத்தவை. ராமாயணமும் உண்டு, தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டையும் உண்டு. 'இதிலும் ஹொக்குசாய் மாதிரி கோடு போட்டு உள்ளே நிறம் குடுத்திருக்காங்க' என்று மகன் காட்டினான். ஒன்றைத் தெரிந்ததால்தான் மற்றது அவன் கண்ணில் பட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் என் பிள்ளைகளை நிறுத்திப் பதினாறாம் வாய்ப்பாடு கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை யாரும் அப்படி நிறுத்துவதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் 14 வயதில் பத்தாம் வகுப்பு எழுதலாம் என்று எத்தனை தடவை விளக்குவது? பந்தியில் உட்கார்ந்த குழந்தையிடம் பரீட்சை வைப்பது எனக்கு மரியாதையாகத் தெரியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்கெட்ச் பேனா இருந்தால், புள்ளி புள்ளியாக வைத்தே படம் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் ஸ்யூராவின் புள்ளிகளைச் செய்யலாம், நீலமும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் நிரப்பும் பிரஷ் பேனா நல்ல சாமான், ஆனால் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், காய்ந்தால் தாளில் வெள்ளை பூக்கும். எண்ணெய்ப் பேஸ்டலை மே மாத வெயிலில் ஜன்னலோரம் வைக்க வேண்டாம்.

சின்னப் பிள்ளை என்றால் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸில் தொடங்குங்கள். 1941ல் பெரிய அறுவை சிகிச்சை ஆகி, நிற்க முடியாமல் போனபின் அவர் கத்தரிக்கோலை எடுத்தார். உதவியாளர்கள் நிறம் பூசிக் கொடுத்த தாளை வெட்டி வெட்டியே படம் செய்தார். 1953ல் செய்த 'நத்தை' ஒரு பக்கம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. என் மகள் வெட்டியது சங்கு. வண்ணத்தாளும் பசையும் போதும். கிட்டோடு வரும் பிளாஸ்டிக் கத்தரிக்கோல் மட்டும் தாளை மடக்குமே தவிர வெட்டாது, கடையில் தனியாக நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.