உங்களைவிட மிகச் சிறியவர் யாராவது உங்களுக்கு நெருங்கிய நண்பராக இருந்ததுண்டா?

உண்டு. எனக்கு அப்போது 31, அவனுக்கு 10. மதுரையில் நான் மாடியில் குடியிருந்தேன், அவன் கீழ் வீட்டுப் பையன். அப்பா லோடு ஆட்டோ, அம்மாவுக்கு ஜவுளிக்கடையில் வேலை. தங்கைக்குச் சோறு போட்டு, வீட்டுப்பாடம் எழுத வைத்து, கேட்டைப் பூட்டுவது வரை அவன்தான். நானோ, பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூட அம்மா வாங்கி அனுப்பினால்தான் மாற்றும் ஆள்.

பழக்கம் கரண்ட் மீட்டரில் ஆரம்பித்தது. மாடிப்படிக்கு அடியில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தான். போன ரீடிங்கைச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தான், என் வீட்டுடையதையும் சேர்த்து.

"அண்ணே, உங்களுது 470 ஓடிருச்சு. இன்னும் ஆறு நாள் இருக்கு, 500 யூனிட்டத் தாண்டிரும். ராத்திரி ஏசிய அமத்துங்க."

தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்குத்தானே பணம் என்றேன். என்னைப் பார்த்தான் ஒரு பார்வை! அப்போது இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம், அது எனக்கும் தெரியும். ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரை இருக்கும் சலுகை விலையும் போய்விடும் என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆறு நாளும் ஃபேன்தான்.

பெரிய மனுசன் மாதிரி பொறுப்பு என்று தெருவே அவனை மெச்சும். எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். அந்தப் பேரைக் காப்பாற்றவே அவன் ஆடப் போகாமல் இருந்தான் என்று தோன்றும்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பம்பரம். இரண்டு வாங்கி வந்தேன். சாட்டையைச் சுற்றவே அவனுக்குத் தெரியவில்லை. ஒரு மாதத்தில் என்னை ஜெயிக்க ஆரம்பித்தான். தோற்றால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் (நிஜமாகத்தான்). "சரிண்ணே, இந்த ஆட்டம் கணக்குல வேணாம்" என்று சமாதானம் செய்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அபீட்டு எடுப்பதில், அதாவது சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிப்பதில், தகராறு. கடைசியாக எடுத்தவன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும், மற்றவன் அதை ஆணியால் குத்துவான். கடைசியாக எடுத்தது அவன். இல்லவே இல்லை என்று சாதித்தான். அழுகையே வந்துவிட்டது. நானும் விடவில்லை. சத்தம் கேட்டு அவன் அம்மா வெளியே வந்தார்.

"ஏன் தம்பி, சின்னப் பிள்ளைகிட்டப் போயி இப்படியா மல்லுக்கு நிப்பீங்க?"

அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குப் பழிப்புக் காட்டினான்.