சென்னை ராயபுரத்தில் தெருவோரம் நிற்கும் பழைய மாருதி 800: பாடி துருவை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: 2005 மாடல் மாருதி 800, ராயபுரத்தில் தெருவில்தான் நிற்கிறது. டிரைவர் பக்கக் கதவின் அடியிலும் பின்சக்கர வளைவிலும் பெயின்ட் கொப்புளம் விட்டிருக்கிறது. பட்டறையில் முழு டிங்கரிங், முழு பெயின்டிங் என்கிறார்கள். வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். நீங்கள் சொன்ன இரண்டு இடங்களும் வீட்டில் வைத்துச் செய்யக்கூடியவைதான். ஆனால் கொப்புளத்தைச் சுரண்டி, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இழுத்து, மேலே ஸ்ப்ரே டப்பா அடித்தால் போதும் என்று இறங்கினால் ஐப்பசி மழை முடிவதற்குள் அதே இடம் இன்னும் அகலமாக எழும்பும். காய விடும் நேரத்தையும் சேர்த்து ஒரு வாரம் வண்டியை எடுக்காமல் இருக்க முடிந்தால் மட்டும் ஆரம்பியுங்கள்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி நிற்கிற வண்டிகளுக்கு உப்புதான் முதல் பிரச்சினை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர்த்துப் போவதும் இதனால்தான். சென்னையில் பெரும்பாலான இரவுகள் அந்த அளவைத் தாண்டிவிடுகின்றன. ஆகவே ஒரு பொட்டு மழை இல்லாத மாதத்திலும் தகட்டின் மேல் ராத்திரி முழுக்க மெல்லிய உப்புநீர் நிற்கிறது. அந்த உப்பு துருக் குழிகளின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை எடுக்காமல் மேலே எந்த பெயின்ட் அடித்தாலும், பெயின்ட் வழியாகவே ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் பெயின்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். அதுதான் நீங்கள் பார்க்கிற கொப்புளம்.

முதலில் தட்டிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கொப்புளத்தைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குத் தட்டினால் நல்ல தகடு கணீரென்றும், அரித்த தகடு மொத்தையாகவும் ஒலிக்கும். பிறகு முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் பொத்தல். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் யாரோ முன்பே பட்டியை அப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 800 என்றால் இது நிறையவே தட்டுப்படும்.

அப்படியே கால்மிதி மேட்டைத் தூக்கி, கார்பெட்டை உரித்து, டிரைவர் காலடியையும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கட்டாயம் பாருங்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், அடியில் இருக்கும் ஃபெல்ட் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இங்கே ஒரு கோடு போட வேண்டும். கதவின் வெளித்தகடு, டிக்கி கதவு, பானெட், சக்கர வளைவின் வெளி உதடு, இவை நீங்கள் தொடலாம். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, சீட்டும் சீட் பெல்ட்டும் போல்ட் ஆகும் தரைப்பகுதி, பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் மேடை, இவற்றில் பொத்தல் இருந்தால் பசையும் பட்டியும் பைபரும் கூடவே கூடாது. தகடு வெட்டி சிஓடூ வெல்டிங்தான் (கார்பன் டை ஆக்சைடு வாயுவோடு கம்பியை உருக்கி ஒட்டுவது) வைக்க வேண்டும். விபத்தில் உங்களைக் காப்பது அந்த இடங்கள். கேஸ் வெல்டிங் வைக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; அந்தச் சூட்டில் தகடு நெளியும், பின்பக்கத்து பெயின்டும் எரிந்துபோய் அங்கிருந்து புதுத் துரு கிளம்பும். முன் ஃபெண்டர் அரித்திருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். போல்ட் கழற்றினால் வந்துவிடும். வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ வேறொன்று வாங்கி மாட்டுவது பாதி வேலை.

வாங்க வேண்டியவை: 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் (வாடகைக்குக் கிடைக்கும்), அதற்கு முறுக்குக் கம்பி கப் பிரஷ் ஒன்று, 80 நம்பர் ஃப்ளாப் டிஸ்க் ஒன்று, 80, 180, 320, 600 நம்பர் உப்புத்தாள்கள், பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி கால் லிட்டர், இரண்டு பாக எபாக்சி பிரைமர் (இறுக வைக்கும் ஹார்டனர் தனி டப்பாவில் வருவது), பாலியெஸ்டர் பட்டி அரைக் கிலோ, தகட்டு இணைப்பை அடைக்கும் சீம் சீலர் ஒரு டியூப், கதவின் உள்கூட்டுக்குள் அடிக்கும் மெழுகு ஸ்ப்ரே ஒன்று, பெயின்ட். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி) வைத்த முகமூடி. கப் பிரஷ்ஷின் கம்பிகள் அறுந்து ஊசி மாதிரி பறக்கும், கண்ணாடி இல்லாமல் கிரைண்டரை ஆன் செய்யாதீர்கள். பெட்ரோல் ஊற்றும் குழாய் போகிற பக்கத்து வளைவில் கிரைண்டரே வேண்டாம், கையால் தேயுங்கள்.

அடுத்து தண்ணீர். பட்டறைக்காரர்கள் பலரும் கவனிக்காத விஷயம் இது. வடசென்னைக் கடலோரத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் எடுத்த உப்பைத் திருப்பி வைத்ததாக ஆகும். மெட்ரோ தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசலுக்கு ஒரு 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேய்ப்பது, கழுவுவது, மறுபடி தேய்ப்பது, மறுபடி கழுவுவது. இதுதான் வேலையின் உயிர்நாடி. கொப்புளத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் நல்ல பெயின்ட் வரை சுரண்டி எடுங்கள். பெயின்டுக்கு அடியில் துரு மெல்லிய நரம்புகளாக ஓடியிருக்கும், அதன் நுனி வரை போக வேண்டும். கப் பிரஷ் துருவை மெருகேற்றிப் பளபளப்பாக்கி ஏமாற்றும். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை இரும்பல்ல, குழிக்குள் இறுகிய துரு. 80 நம்பர் உப்புத்தாளை மடித்துக் கையால் கிளறுங்கள். பிறகு நல்ல தண்ணீர், நைலான் பிரஷ், துளி ஷாம்பு போட்டுத் தேய்த்து அலசி, துடைத்து, ஹேர் டிரையரால் காய வையுங்கள். ஒரு ராத்திரி சும்மா விடுங்கள். காலையில் வந்து பார்த்தால் உப்பு மிச்சமிருக்கும் குழிகள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும். அந்தப் புள்ளிகளில் மறுபடி தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று சுற்றில் பூப்பது நின்றுவிடும்.

அப்போதும் குழிக்குள் கறுப்பு நின்றால் அங்கே மட்டும் ஆசிட் துரு நீக்கியைப் பிரஷ்ஷால் தொட்டு, 15 நிமிடம் ஈரம் காயாமல் வைத்து, நன்றாக அலசிவிடுங்கள். அலசாமல் விட்ட ஆசிட்டின் மேல் எபாக்சி பிடிக்காது, தோல் உரிகிற மாதிரி உரியும். "துருவைக் கறுப்பாக்கிவிடும், தேய்க்கவே வேண்டாம்" என்று விற்கும் கன்வெர்ட்டர்களை நம்பி பொருக்குத் துருவின் மேல் அடிப்பது வீண். மேல்தோல் மட்டும் மாறும், அடியில் துரு அப்படியே இருக்கும்.

ரெட் ஆக்சைடு? வீட்டு கேட்டுக்குச் சரி, காருக்கு வேண்டாம். உப்புக் காற்றைத் தடுக்க அது போதாது. மேலே அடிக்கும் பெயின்டின் தின்னர் பட்டால் சுருங்கி எழும்பவும் செய்யும். எபாக்சி பிரைமரையே, டின்னில் போட்டிருக்கும் விகிதத்தில் ஹார்டனர் கலந்து, சொன்ன நேரம் ஊற வைத்து, இரண்டு கோட் அடியுங்கள். கடைசியாகத் தேய்த்துக் கழுவிக் காய வைத்த அன்றைக்கே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள். இதற்குக் காலை 9 மணி முதல் கடல்காற்று ஏறும் வரை நல்ல நேரம். மதியத்துக்கு மேல் வரும் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். தை மாதத்து அதிகாலைப் பனியில் அடிக்காதீர்கள். வெயிலில் கொதிக்கிற தகட்டிலும் வேண்டாம், நிழல் வேண்டும். மாசி, பங்குனி தோதான மாதங்கள்.

பொத்தல் இருந்தால்: அரித்ததை நல்ல தகடு வரும் வரை வெட்டி எறியுங்கள். சின்னப் பொத்தல் என்று நினைத்தது வெட்டி முடிக்கையில் உள்ளங்கை அளவு ஆகும், பயப்பட வேண்டாம். 20 கேஜ் தகட்டில் சுற்றிலும் 15 மி.மீ. கூடுதலாக ஒட்டு வெட்டி, இரண்டு பரப்புக்கும் பிரைமர் அடித்துக் காயவிட்டு, லேசாக உரசி, இரண்டு பாக எபாக்சி பசையோடு உள்பக்கமாக வைத்து, ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக பாப் ரிவெட் அடியுங்கள். ரிவெட் தலை மேலே துருத்தாமல் இருக்க, ஓட்டை போட்ட இடத்தைச் சுத்தியலால் லேசாகப் பள்ளம் தட்டிக்கொள்ளுங்கள். பட்டியால் பொத்தலை அடைக்கக் கூடாது. பாலியெஸ்டர் பட்டி பஞ்சு போல ஈரம் குடிக்கும். பின்னால் காற்றுப் படுகிற இடத்தில் அது ஒரு வருஷம்கூடத் தாங்காது.

பட்டி எபாக்சியின் மேல்தான், வெறும் இரும்பின் மேல் அல்ல. 100 கிராமுக்கு 2 கிராம் ஹார்டனர். சென்னை வெயிலில் நாலைந்து நிமிடத்தில் இறுகிவிடும், அதனால் எலுமிச்சை அளவுக்கு மேல் கலக்காதீர்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பின்னால் பெயின்டின் மேல் மஞ்சள் கறை ஊறி வரும். மொத்த கனம் 3 மி.மீ.க்குள் இருக்கட்டும். தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள், உலர் தேய்ப்புதான்: 80, 180, 320. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உள்ளங்கைக்குத் தெரியும். கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். பிறகு மறுபடி ஒரு கோட் பிரைமர், 600இல் மென்மையாக்கல்.

பெயின்ட் நிறத்துக்கு பானெட்டுக்குள் இருக்கும் தகட்டில் குறியீட்டைப் பாருங்கள். சுப்பீரியர் ஒயிட் என்றால் 26யூ, சில்க்கி சில்வர் என்றால் இசட்2எஸ். ஆனால் இருபது வருஷ வெயிலில் வெளுத்த வண்டிக்கு குறியீட்டு நிறம் சற்றுப் பளிச்சென்று தனியாகத் தெரியும். பெட்ரோல் ஊற்றும் இடத்தை மூடும் பெயின்ட் அடித்த சின்னக் கதவைக் கழற்றி எடுத்துப் போய் கடையில் ஒப்பிட்டுக் கலக்கச் சொல்லலாம். வெள்ளை நிறம் என்றால் வீட்டிலேயே சமாளிக்கலாம். சில்வர் மெட்டாலிக் என்றால் எவ்வளவு திறமையாக அடித்தாலும் திட்டாகத்தான் தெரியும், துரு நின்றால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஸ்ப்ரே டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பத்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு மெல்லிய கோட். கதவின் நடுவில் நிறுத்தாமல் மடிப்பு வரை கொண்டுபோய் முடியுங்கள். 2கே பெயின்டை (ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்ட்) கம்ப்ரசர் வைத்து வீட்டில் அடிக்க வேண்டாம். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து, ஆஸ்துமாவையே வரவழைக்கும். துணி முகமூடி அதைத் தடுக்காது. நம் சந்துகளில் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியும் பக்கத்து வீட்டு பைக்கும் சேர்ந்தே பெயின்ட் ஆகிவிடும் என்பது வேறு விஷயம்.

வெளியே முடித்தாலும் வேலை பாதிதான். கதவுக் கண்ணாடி ரப்பர் வழியாக மழைநீர் உள்ளே இறங்குவது இயல்பு. அது வெளியேறத்தான் கதவின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றன. அவை மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, துரு உள்ளிருந்து வெளியே அரிக்கும். உங்கள் கொப்புளம் அனேகமாக அப்படி வந்ததுதான். சைக்கிள் ஸ்போக்கால் ஓட்டைகளைக் குத்தித் திறந்து, உள்பக்க அட்டையைக் கழற்றி, நல்ல தண்ணீரால் அலசி, இரண்டு நாள் காயவிட்டு, மெழுகு ஸ்ப்ரேயை நீண்ட குழாயால் அடிமடிப்பு முழுக்க அடியுங்கள். அடித்த கையோடு ஓட்டைகளை மறுபடி குத்துங்கள், மெழுகே அடைத்துவிடும். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கம் வேண்டாம். ரப்பரைக் கெடுக்கும், சொட்டும், அதில் அமிலமும் இருக்கும். சக்கர வளைவில் இரண்டு தகடு சேரும் மடிப்பில்தான் சேறு தங்கும். அங்கே பிரைமர் காய்ந்ததும் சீம் சீலரை விரலால் அழுத்தி இழுத்துவிட்டு, அதன் மேல் பெயின்ட். துருவை அப்படியே விட்டு மேலே தார் மாதிரி அண்டர் கோட்டிங் பூசினால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

கார் கவர் போடுகிறவர் என்றால் ஈரமான வண்டியின் மேல் போடாதீர்கள். வாரம் ஒரு முறை வளைவுகளின் உள்பக்கத்தையும் கதவின் அடிவிளிம்பையும் மெட்ரோ தண்ணீரால் அலசினால் போதும். ஸ்போக்கை டேஷ்போர்டிலேயே போட்டு வையுங்கள். புரட்டாசி கடைசியில், மழை தொடங்கும் முன், நாலு கதவுக்கும் இரண்டு நிமிட வேலை.