பன்னிரண்டு பேர் வரவில்லை

அன்புள்ள ஐயா,

மும்பை தாராவிப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான். என் பிள்ளைகள் 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தது 2021 டிசம்பர் 15 அன்று. மூன்று வாரம்கூட ஆகவில்லை, 2022 ஜனவரி 4 முதல் கொரோனாவால் மறுபடியும் பூட்டு. 24ஆம் தேதி திறந்தோம். பெஞ்சுக்கு ஒருவர் என்று உட்கார வைத்திருக்கிறோம். முதல் நாள் ஒரு சிறுமி என்னை அண்ணாந்து பார்த்து, “டீச்சர், நீங்கள் இவ்வளவு உயரமா?” என்று கேட்டாள். செல்போனில் என் முகத்தை மட்டுமே பார்த்தவள். மற்றவர்கள் மாஸ்க் போட்ட ஊமைகளாக இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அ, ஆ வரவில்லை. ஏப்ரலுக்குள் இரண்டு வருடப் பாடத்தையும் முடித்தாக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? பதிவேட்டில் 38 பேர், வருவது 26 பேர். வருகிறவர்களையாவது கரையேற்ற வேண்டும்.

பெயர் வேண்டாம்,
தாராவி

அன்புள்ள ஆசிரியைக்கு,

‘அ’விலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் வகுப்பில் அரிச்சுவடியா என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்கு ஒரு செல்போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் காலை வகுப்பு ராத்திரிதான். பத்துக்குப் பத்து கோலியில் (ஒற்றை அறை வீட்டில்), குக்கர் விசிலுக்கும் தம்பியின் அழுகைக்கும் நடுவே உயிரெழுத்து மனதில் தங்கியிருந்தால்தான் ஆச்சரியம்.

‘ஊமைகள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. மைக்கை அணைத்துவிட்டுக் கேள் என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். பள்ளி என்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறார்கள். பாவம், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள்! முதல் பத்து நாள் எழுதவே விடாதீர்கள். பாட்டு, வாய்ப்பாடு, எதுவாக இருந்தாலும் சேர்ந்து கத்தட்டும். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும். வரட்டும்.

ழகரத்துக்கு மட்டும் தனியாக மெனக்கெட வேண்டும். மராத்தி காதில் விழுந்து வளர்கிற மும்பைப் பிள்ளைக்கு ளகரம் தானாக வந்துவிடும், அங்கேயும் அந்த ஒலி உண்டு. ழகரம் அப்படியில்லை. தாராவித் தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். நம் வீடுகளில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான், என் அம்மா கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். ஆக, அந்த எழுத்தைப் பிள்ளை கற்றுக்கொள்ள இருக்கிற ஒரே இடம் டீச்சரின் வாய். நாக்கு உள்ளே மடிவதைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். அந்த வாயைத்தான் மாஸ்க் மூடியிருக்கிறது. நாலைந்து பேராக வெளியே கூட்டிப் போய், தள்ளி நின்று, ஒரு நிமிடம் மாஸ்க்கை இறக்கிக் காட்டுங்கள். திறந்த வெளியில் ஒரு நிமிடத்துக்கு நான் பயப்பட மாட்டேன்.

பாடத்தைப் பற்றி இவ்வளவு போதும். போகிற போக்கில் ஒரு கணக்கு எழுதியிருக்கிறீர்கள். 38இல் 26. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான்.

1993 ஜனவரியில் நான் ஏழாம் வகுப்பு. பாபர் மசூதி இடிப்புக்குப் பின் டிசம்பரில் தொடங்கிய மும்பைக் கலவரம் இரண்டாவது சுற்றாக எரிந்து அடங்கி, ஊரடங்கு தளர்ந்து, பள்ளி திறந்தது. எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் இல்லை. குடும்பத்தோடு ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள் என்றார்கள். ஓரிருவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சார் தினமும் அந்த ஒன்பது பெயர்களையும் சேர்த்தே கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, ஒருவன் எழுந்து ‘உள்ளேன் ஐயா’ சொல்ல ஆகிற நேரம் அப்படியே நிற்பார். பிறகு அடுத்த பெயர். எங்களுக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் எரிச்சல், ஒரு கட்டத்தில் பழகிவிட்டது. மார்ச்சில் ஒரு நாள் ஏழாவது பெயருக்குப் பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. சார் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எட்டாவது பெயருக்குப் போய்விட்டார்.

உங்கள் பன்னிரண்டு பேரும் எங்கே இருப்பார்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. 2020இல் ஊருக்குப் போனவர்கள் சிலர் அங்கேயே பள்ளியில் சேர்ந்திருப்பார்கள், அதற்கு ஒரு போன் போதும். விடியுமுன் இட்லி அவித்துச் சைக்கிளில் விற்கப் போகிற வீடுகளில், அம்மா அடுப்படியில் நிற்க, கைக்குழந்தை ஏழு வயது அக்காவின் இடுப்பில் இருக்கும். இன்னும் சில வீடுகளில் காரணம் வெறும் ஷூதான். இரண்டு வருடத்தில் கால் வளர்ந்துவிட்டது. ஷூ வளரவில்லை. செருப்போடு அனுப்பினால் திட்டுவார்களோ என்ற கூச்சத்தில் அனுப்பாமல் இருக்கிற அம்மாக்களை எனக்கே தெரியும். செருப்போடு வரட்டும், சட்டை எந்த நிறமானாலும் பரவாயில்லை என்று நீங்கள் நேரில் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளே இரண்டு பேராவது வருவார்கள்.

நேரில் போகத் துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு அடி ரோட்டில் நிற்பேன், பட்டியலை மட்டும் எடுத்து வாருங்கள். பதினொரு மணிக்கு முன்னால் வேண்டாம். இட்லிக்காரர்கள் அதற்குப் பிறகுதான் வீடு திரும்புவார்கள்.